இயற்கணிதப் பின்னங்களைக் கழிப்பது எப்படி?

மாணவர் பக்கம் – பத்தாம் வகுப்புக் கணிதம்



நமது மாலை நேர வகுப்பில் சென்ற மாதம் ஒரு சிறு தேர்வு வைத்தேன். மொத்தம் ஐந்து கணக்குகள். ஐந்துமே விகிதமுறு கோவைகளின் கழித்தல். தாள்களைத் திருத்தும்போது ஒரு மாணவியின் தாளை மட்டும் மூன்று முறை பார்த்தேன். பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தவறி, இப்போது துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. காரணிப்படுத்தியது சரி. மீச்சிறு பொது மடங்கு சரி. பெருக்கியதும் சரி. ஆனால் ஐந்தில் நான்கு விடைகள் தவறு. நான்கிலும் ஒரே தவறு, ஒரே இடத்தில்.

மறுநாள் தாளைக் கொடுத்தபோது, “எனக்குக் கணக்கு வராது சார், வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க” என்றாள். “உனக்குக் கணக்கு வரும்மா. நீ விட்டது ஓர் அடைப்புக்குறி மட்டும்தான்” என்று சொல்லி, அந்த நான்கு இடங்களையும் வட்டமிட்டுக் காட்டினேன். அங்கேயே உட்கார்ந்து நான்கையும் திருத்தினாள். நான்கும் சரியாக வந்தன.

அன்று வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அதே தவறைச் செய்திருந்தார்கள். அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இதற்கென்றே ஒதுக்குகிறேன். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் உடன் போட்டுக்கொண்டே படியுங்கள். அச்சில் இடம் கருதிப் பின்னங்களைச் சாய்கோடு இட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் நோட்டில் கிடைக்கோடு போட்டே எழுதுங்கள்.

முதலில் சாதாரணப் பின்னம்

முக்காலில் அரைக்கால் போனால் மீதி என்ன? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். “முக்கால் என்றால் ஆறு அரைக்கால். அதில் ஒன்று போனால் ஐந்து அரைக்கால்” என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். அரைக்கால் என்பது 1/8. அவர்கள் செய்தது இதுதான்:

3/4 − 1/8 = 6/8 − 1/8 = 5/8

காலையும் அரைக்காலையும் நேரடியாகக் கழிக்க முடியாது. இரண்டையும் ஒரே அளவுள்ள துண்டுகளாக ஆக்கிய பிறகுதான் ‘இத்தனையில் இத்தனை போனால் இத்தனை’ என்று எண்ண முடியும். பகுதியைப் பொதுவாக்குவது என்றால் இவ்வளவுதான் பொருள். பகுதி என்பது துண்டின் அளவு. தொகுதி என்பது துண்டுகளின் எண்ணிக்கை. எண்ணிக்கையைத்தான் கழிக்கிறோம். துண்டின் அளவைக் கழிப்பதில்லை.

இதை மறந்து மேலே மேலும் கீழே கீழும் கழித்தால் என்ன ஆகும்? 3/4 − 1/6 என்ற கணக்கில் மேலே 3 − 1 = 2, கீழே 4 − 6 = −2, விடை −1 என்று வரும். முக்கால் கிலோ சீனியில் ஆறில் ஒரு பங்கு கிலோவை எடுத்தால், மீதி பூச்சியத்துக்கும் கீழே போகுமா? சரியான வழி: 4, 6 ஆகியவற்றின் மீ.பொ.ம. 12. ஆகவே 9/12 − 2/12 = 7/12.

நம் வீடுகளில் பாகப்பிரிவினையின்போதும் இதே கணக்குத்தான் வருகிறது. ஒருவர் இறந்துவிட்டார், அவருக்கு மனைவி, தாய், ஒரு மகன் ஆகிய மூவர் மட்டுமே வாரிசுகள் என்று கொள்வோம். கடன்களும் மரண சாசனமும் போக மீதமுள்ள சொத்தில் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, எஞ்சியது மகனுக்கு. மகனின் பங்கு எவ்வளவு?

1 − 1/8 − 1/6 = 24/24 − 3/24 − 4/24 = 17/24

சொத்து 24 லட்சம் என்றால் மனைவிக்கு 3 லட்சம், தாய்க்கு 4 லட்சம், மகனுக்கு 17 லட்சம். பொதுப் பகுதி 24 கிடைத்தவுடன் பங்குகள் தாமாகவே தெளிவாகின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, கலீஃபா மஃமூன் காலத்தில் எழுதிய நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் ‘அல்ஜீப்ரா’ ஆனது. அந்த நூலின் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. அவர் x போன்ற எழுத்துகளைப் பயன்படுத்தவில்லை. எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார். நமக்கு எழுத்துகள் இருக்கின்றன. ஆகவே நம் வேலை இன்னும் எளிது.

நிலை 1: பகுதிகள் ஒன்றாகவே இருந்தால்

(5x + 2)/(x − 3) − (2x − 7)/(x − 3)

பகுதி ஏற்கெனவே பொதுவாக இருக்கிறது. தொகுதிகளை மட்டும் கழித்தால் போதும். தவறு நடப்பதும் இங்கேதான். பலர் இப்படி எழுதுகிறார்கள்:

தவறு: (5x + 2 − 2x − 7)/(x − 3) = (3x − 5)/(x − 3)

கழிக்க வேண்டியது 2x மட்டுமல்ல, (2x − 7) முழுவதும். கழித்தல் குறி அதற்குப் பின்னால் உள்ள தொகுதி முழுவதற்கும் உரியது. ஆகவே முதலில் அடைப்புக்குறி போடுங்கள், பிறகு பிரியுங்கள்:

= [(5x + 2) − (2x − 7)]/(x − 3)
= (5x + 2 − 2x + 7)/(x − 3)
= (3x + 9)/(x − 3)

−7 என்பது +7 ஆக மாறியதைக் கவனியுங்கள். ஒருவர் உங்களிடமிருந்து 7 ரூபாய்க் கடனை எடுத்துக்கொண்டுவிட்டால் உங்களுக்கு 7 ரூபாய் கூடுகிறது அல்லவா? அதே கணக்குத்தான்.

எந்த விடை சரி என்று நீங்களே சோதிக்கலாம். x = 4 என்று போடுங்கள். கேள்வியில்: 22/1 − 1/1 = 21. சரியான விடையில்: (12 + 9)/1 = 21. தவறான விடையில்: (12 − 5)/1 = 7. யாரையும் கேட்க வேண்டியதில்லை; எண்ணே சொல்லிவிடுகிறது. இந்தச் சோதனையை ஒவ்வொரு கணக்குக்கும் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பகுதியைப் பூச்சியமாக்கும் எண்ணைப் போடக் கூடாது. இந்தக் கணக்கில் x = 3 கூடாது.

நிலை 2: பகுதிகள் குறி மாறி இருந்தால்

7/(x − 2) − 3/(2 − x)

இரண்டு பகுதிகளும் வேறு வேறு போலத் தெரியும். ஆனால் 2 − x = −(x − 2). ஆகவே 3/(2 − x) என்பது −3/(x − 2). ஒரு கழித்தலுக்குள் இன்னொரு கழித்தல் வந்தால் கூட்டல்:

= 7/(x − 2) + 3/(x − 2) = 10/(x − 2)

x = 3 போட்டால்: 7 − 3/(−1) = 7 + 3 = 10. விடையிலும் 10/1 = 10. சரி.

(x − 2)(2 − x) என்று பெருக்கிப் பெரிய பொதுப் பகுதி எடுத்துச் சிலர் சிரமப்படுகிறார்கள். குறியை மாற்றி எழுதினால் இரண்டே வரியில் முடிந்துவிடும்.

நிலை 3: பகுதிகள் முற்றிலும் வேறாக இருந்தால்

4/(x + 1) − 3/(x + 2)

இரண்டு பகுதிகளுக்கும் பொதுக்காரணி இல்லை. ஆகவே மீ.பொ.ம. (x + 1)(x + 2). முதல் பின்னத்தில் (x + 2) இல்லை. மேலும் கீழும் அதனால் பெருக்க வேண்டும். இரண்டாவதில் (x + 1) இல்லை; மேலும் கீழும் அதனால் பெருக்க வேண்டும்.

= [4(x + 2) − 3(x + 1)]/[(x + 1)(x + 2)]
= (4x + 8 − 3x − 3)/[(x + 1)(x + 2)]
= (x + 5)/[(x + 1)(x + 2)]

x = 1 போட்டால்: 4/2 − 3/3 = 2 − 1 = 1. விடையில்: 6/(2 × 3) = 1. சரி.

இங்கே விடையை எழுதிவிட்டு, மேலே உள்ள x-ஐயும் கீழே உள்ள x-ஐயும் அடித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடாது. பெருக்கலால் இணைந்த காரணியை மட்டுமே அடிக்கலாம். கூட்டலால் இணைந்த உறுப்பை அடிக்கக் கூடாது. (x + 5)/(x + 1) என்பதில் x-ஐ அடித்தால் 5/1 = 5 என்று வரும். ஆனால் x = 1 போட்டால் உண்மையான மதிப்பு 6/2 = 3. இதுவே போதும், ஏன் கூடாது என்று புரிந்துகொள்ள.

நிலை 4: காரணிப்படுத்த வேண்டியிருந்தால்

2x/(x² − 9) − 1/(x − 3)

முதலில் பகுதிகளைக் காரணிப்படுத்துங்கள். x² − 9 = (x + 3)(x − 3). இரண்டாவது பகுதியான (x − 3) ஏற்கெனவே இதற்குள் இருக்கிறது. ஆகவே மீ.பொ.ம. (x + 3)(x − 3). இரண்டாவது பின்னத்தை மட்டும் (x + 3)-ஆல் பெருக்கினால் போதும்.

= [2x − (x + 3)]/[(x + 3)(x − 3)]
= (2x − x − 3)/[(x + 3)(x − 3)]
= (x − 3)/[(x + 3)(x − 3)]
= 1/(x + 3)

கடைசி வரியில் (x − 3) ஒரு முழுக் காரணியாக மேலும் கீழும் வந்ததால்தான் அடித்தோம். x = 4 போட்டுச் சோதித்தால்: 8/7 − 1 = 1/7; விடையிலும் 1/7.

மீ.பொ.ம. எடுக்காமல் இரண்டு பகுதிகளையும் அப்படியே பெருக்கினால் விடை தவறாகுமா? ஆகாது. தொகுதி 2x(x − 3) − (x² − 9) = x² − 6x + 9 = (x − 3)² என்று வரும்; பகுதி (x + 3)(x − 3)² என்று வரும்; சுருக்கினால் அதே 1/(x + 3). ஆனால் எழுத்து கூடுகிறது, தவறு செய்யும் இடமும் கூடுகிறது. தேர்வு அறையில் நேரமும் போகிறது.

இன்னொன்று. விடை 1/(x + 3) என்பதைப் பார்த்தால் x = 3 போடலாம் போலத் தெரியும். ஆனால் கேள்வியில் x = 3 போட்டால் பகுதி பூச்சியமாகிறது. ஆகவே விலக்கப்பட்ட மதிப்புகளைக் கேட்டால், சுருக்கிய விடையைப் பார்க்காமல் கேள்வியின் பகுதிகளைப் பார்த்து எழுதுங்கள்: 3, −3 இரண்டுமே கூடாது.

ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று

(x + 5)/(x² + 3x + 2) − (x + 1)/(x² + 5x + 6)

படி 1: காரணிப்படுத்துதல்.
x² + 3x + 2 = (x + 1)(x + 2)
x² + 5x + 6 = (x + 2)(x + 3)

படி 2: மீ.பொ.ம. (x + 2) இரண்டிலும் இருக்கிறது. ஒருமுறை எழுதினால் போதும். ஆகவே (x + 1)(x + 2)(x + 3).

படி 3: முதல் தொகுதியை (x + 3)-ஆலும் இரண்டாவதை (x + 1)-ஆலும் பெருக்குதல்.
= [(x + 5)(x + 3) − (x + 1)(x + 1)]/[(x + 1)(x + 2)(x + 3)]

படி 4: பெருக்கி, இரண்டாவது விடையை அடைப்புக்குறிக்குள்ளேயே வைத்தல்.
= [(x² + 8x + 15) − (x² + 2x + 1)]/[(x + 1)(x + 2)(x + 3)]

படி 5: அடைப்புக்குறியை நீக்குதல். மூன்று உறுப்புகளின் குறியும் மாற வேண்டும்.
= (x² + 8x + 15 − x² − 2x − 1)/[(x + 1)(x + 2)(x + 3)]
= (6x + 14)/[(x + 1)(x + 2)(x + 3)]

படி 6: தொகுதியைக் காரணிப்படுத்துதல்.
= 2(3x + 7)/[(x + 1)(x + 2)(x + 3)]

பகுதியில் (3x + 7) இல்லை, மேலும் சுருங்காது. x = 0 போட்டுச் சோதித்தால்: 5/2 − 1/6 = 14/6; விடையில் 14/(1 × 2 × 3) = 14/6. சரி.

நான் சொன்ன மாணவி தவறியது ஐந்தாம் படியில். x²-இன் குறியை மட்டும் மாற்றிவிட்டு, 2x, 1 இரண்டின் குறிகளையும் அப்படியே விட்டுவிட்டாள். 10x + 16 என்று வந்தது. x = 0 போட்டிருந்தால் 16/6 என்று வந்து அவளுக்கே தெரிந்திருக்கும்.

பொதுத்தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே நான்காம் படியை மனத்துக்குள் முடித்துவிட்டு ஐந்தாம் படிக்குத் தாவாதீர்கள். அந்த ஒரு வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அடைப்புக்குறி கண்ணுக்கு முன்னால் இருந்தால் குறி தவறாது.

இது எங்கே பயன்படுகிறது?

தெருவில் சிலர் சேர்ந்து 6000 ரூபாய்க்கு ஒரு மினி பஸ் வாடகைக்குப் பேசுகிறார்கள். செலவு எல்லோருக்கும் சமம். புறப்படும் நேரத்தில் இன்னும் 5 பேர் சேர்ந்துகொள்ள, ஆளுக்கு 40 ரூபாய் குறைந்தது. முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்?

முதலில் இருந்தவர்கள் x பேர் என்றால், அப்போது ஒருவரின் பங்கு 6000/x. பிறகு ஒருவரின் பங்கு 6000/(x + 5). வித்தியாசம் 40.

6000/x − 6000/(x + 5) = 40

இடப்பக்கம் நாம் இப்போது படித்த கழித்தல்தான்:

[6000(x + 5) − 6000x]/[x(x + 5)] = 40
30000/[x(x + 5)] = 40
x(x + 5) = 750
x² + 5x − 750 = 0
(x + 30)(x − 25) = 0

ஆட்களின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது. ஆகவே x = 25. சரிபார்ப்போம்: 25 பேருக்கு ஆளுக்கு 240 ரூபாய், 30 பேருக்கு ஆளுக்கு 200 ரூபாய். வித்தியாசம் 40.

இந்தக் கணக்கில் பகுதியை வலப்பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கினோம். அது சமக்குறி இருப்பதால் செய்யலாம். முன்னால் பார்த்த கணக்குகளில் சமக்குறி கேள்வியில் இல்லை. அவை சமன்பாடுகள் அல்ல, கோவைகள். கோவையைச் சுருக்கச் சொன்னால் பகுதியைக் கடைசி வரி வரை சுமந்தே செல்ல வேண்டும். இடையில் விட்டுவிட்டுத் தொகுதியை மட்டும் விடையாக எழுதக் கூடாது.

நினைவில் வைக்க

1. பகுதிகளைக் காரணிப்படுத்து.
2. மீ.பொ.ம. எடு.
3. எந்தப் பின்னத்தில் எந்தக் காரணி இல்லையோ, அதனால் மேலும் கீழும் பெருக்கு.
4. கழிக்கும் தொகுதியை அடைப்புக்குறிக்குள் எழுது.
5. அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்பின் குறியையும் மாற்று.
6. தொகுதியைக் காரணிப்படுத்திப் பொதுக்காரணியை அடி.
7. ஓர் எண்ணைப் போட்டுச் சோதி.

பயிற்சி

1. (7x − 1)/(x + 4) − (3x − 5)/(x + 4)
2. 5/(x − 1) − 2/(1 − x)
3. 3/(x − 2) − 2/(x + 1)
4. 1/(x − 2) − 4/(x² − 4)
5. x/(x² + 5x + 6) − 2/(x² + 3x + 2)
6. 240 கி.மீ. தொலைவை ஒரு கார் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். காரின் வேகம் என்ன?

விடைகள்: (1) 4(x + 1)/(x + 4) (2) 7/(x − 1) (3) (x + 7)/[(x − 2)(x + 1)] (4) 1/(x + 2) (5) (x − 3)/[(x + 1)(x + 3)] (6) மணிக்கு 60 கி.மீ.

ஐந்தாவது கணக்கில் (x + 2) அடிபடும். அடிபடவில்லை என்றால் குறியை எங்கோ விட்டிருக்கிறீர்கள். நான்காம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியதோடு படிப்பை விட்டுவிட்டு, கடைக்கு வேலைக்குப் போன பையன்களும், வீட்டோடு நின்றுவிட்ட பெண் பிள்ளைகளும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கணக்கு வராமல் போகவில்லை. எங்கே தவறுகிறோம் என்று யாரும் உட்கார்ந்து காட்டவில்லை. பிள்ளையின் காதுபட “இதுக்குக் கணக்கு வராது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்களுக்கு இயற்கணிதம் தெரிய வேண்டியதில்லை. நோட்டை எடுத்துப் பார்த்து, “அடைப்புக்குறி போட்டாயா? எண்ணைப் போட்டுச் சோதித்தாயா?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அது போதும்.

துணைத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இந்த ஆறு கணக்குகளையும் போட்டு, நோட்டை மாலை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். விடை தவறாக வந்திருந்தாலும் அடித்துவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்த வரியில் தவறியது என்று சேர்ந்து பார்ப்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் இருபடிச் சமன்பாடுகளைப் பார்ப்போம்.